குடல் பாக்டீரியாவால் லிம்போமா வருகிறது என்று மரபணு ஆய்வில் 'நிரூபணம்' ஆகிவிட்டதா?

நிலாமுற்றம்:

அப்பாவுக்கு ஃபாலிகுலர் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோயில் மெதுவாக வளர்கிற ஒரு வகை. உடனே கீமோ எதுவும் தேவையில்லை, அவ்வப்போது பரிசோதித்துக் கவனித்துக்கொண்டிருப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதுவும் செய்யாமல் காத்திருப்பதுதான் இப்போதைய சிகிச்சை என்றால் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, ஆளாளுக்கு எதையாவது தேடி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி வந்ததில் ஒன்றுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். குடல் பாக்டீரியாவில் சில வகைகள் லிம்போமா வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன, சில வகைகள் குறைக்கின்றன, இது வெறும் தொடர்பு இல்லை, மரபணு வழியாகப் பார்த்ததால் காரணமே இதுதான் என்று உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தது. மூலக் கட்டுரையையும் திறந்து பார்த்தேன். மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்று தொடங்குகிறது, அதற்குப் பிறகு எனக்குப் பாதிக்கு மேல் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

எனக்குக் குழப்பம் இதுதான். அந்த ஆய்வில் ஒரு லிம்போமா நோயாளியின் மலத்தைக்கூட யாரும் பரிசோதிக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் எப்படி பாக்டீரியாவைப் பற்றி முடிவு சொல்கிறார்கள்? மரபணு என்று வந்துவிட்டால் அது காரணம்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, அக்கா ஏற்கெனவே உயிருள்ள 'நல்ல' பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் காப்ஸ்யூல் வாங்கி வைத்துவிட்டாள். அப்பாவுக்குக் கொடுக்கலாமா கூடாதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.


சராசரிவிலகல்:

நான் டாக்டர் இல்லை, மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுகிற வேலை. அதனால் காப்ஸ்யூல் விஷயத்தை வேறு யாராவது சொல்லட்டும், கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

லிம்போமா வந்தவரின் குடலைப் பார்த்தால் பாக்டீரியா மாறித்தான் இருக்கும். நோயால் மாறியிருக்கலாம், கொடுத்த ஆன்டிபயாட்டிக்கால், கீமோவால், பசியில்லாமல் சாப்பாடு மாறியதால் மாறியிருக்கலாம். எது முன்னால் எது பின்னால் என்று பிரிக்க முடியாது. இந்தச் சிக்கலைச் சுற்றிப்போகத்தான் மரபணு வழி, அதைத்தான் மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்கிறார்கள். பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வடிவம் நமக்கு வருகிறது என்பது கருவிலேயே குலுக்கல் சீட்டு மாதிரி முடிவாகிவிடுகிறது, பின்னால் வருகிற நோய் அதை மாற்ற முடியாது. ஒரு மரபணு வடிவம் ஒரு பாக்டீரியாவைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வடிவத்தோடு பிறந்தவர்களுக்கு லிம்போமாவும் அதிகம் வருகிறது என்றால், பாக்டீரியாதான் நடுவில் நின்று வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். இந்த யோசனையே புற்றுநோய் பற்றிய ஒரு சந்தேகத்தில் பிறந்ததுதான். கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தால் புற்றுநோய் வருமா, அல்லது புற்றுநோய்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா என்று சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கொலஸ்ட்ரால் அளவைப் பாதிக்கும் ஏபிஓஈ மரபணுவைப் பார்த்தால் விடை தெரியுமே என்று 1986இல் மார்ட்டின் கட்டான் என்பவர் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2003இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் அதை ஒரு முறையாகவே விரித்து எழுதினார்கள்.

அதனால் நோயாளியின் மலம் தேவையில்லை. பாக்டீரியா பற்றிய மரபணுத் தகவல் ஓர் இடத்திலிருந்து வரும், லிம்போமா பற்றியது வேறோர் இடத்திலிருந்து வரும், இரண்டையும் கணினியில் இணைப்பார்கள். இந்த வகைக் கட்டுரைகளில் பெரும்பாலும் பாக்டீரியா பக்கம் மைபயோஜென் கூட்டமைப்பின் தரவு, 2021இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வந்தது, 24 ஆய்வுக் குழுக்கள், 18,340 பேர். லிம்போமா பக்கம் ஃபின்லாந்தின் ஃபின்ஜென் என்ற மரபணுத் தரவுத்தொகுப்பு.

முறை நல்ல முறைதான். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மாதிரி விஷயங்களில் அருமையாக வேலை செய்கிறது. ஏனென்றால் அங்கே மரபணுவுக்கும் அளக்கிற பொருளுக்கும் நடுவே உள்ள கயிறு கனமானது. குடல் பாக்டீரியாவில் அந்தக் கயிறு நூலாக இருக்கிறது. 2018இல் நேச்சரில் வந்த இஸ்ரேல் ஆய்வு ஒன்றில் 1,046 பேரைப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாவின் வேறுபாட்டில் மரபணுவால் விளக்க முடிந்தது சுமார் 2 முதல் 8 சதவீதம்வரைதான். ரத்த சம்பந்தமே இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுடைய குடல் ஒத்துப்போகிறது, தனித்தனியாக வாழ்கிற உறவினர்களுடையது ஒத்துப்போகவில்லை.

மைபயோஜெனில் அத்தனை பேரை வைத்தும், எல்லாச் சோதனைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அசையாமல் நின்றது ஒரே ஓர் இடம்: பாலின் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் மரபணு, பைஃபிடோபாக்டீரியத்தோடு. மரபணுத்தொகுதி முழுக்கத் தேடும்போது ஓர் இடம் தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்புக்கு வழக்கமான வரம்பு 2 கோடியில் ஒன்று. அந்த வரம்பை வைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது, அதனால் இந்தக் கட்டுரைகள் வரம்பை 1 லட்சத்தில் ஒன்று என்று தளர்த்திவிடுகின்றன. இருநூறு மடங்கு தளர்வு. மரபணுத்தொகுதியில் ஒன்றையொன்று சாராத இடங்கள் தோராயமாக 10 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், 1 லட்சத்தில் ஒன்று என்ற சல்லடையில் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பத்து இடங்கள் தற்செயலாகவே தேறிவிடும். நீங்கள் பார்த்த கட்டுரையின் இணைப்பு அட்டவணையைத் திறந்து ஒரு பாக்டீரியாவுக்கு எத்தனை மரபணு இடம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பத்தை ஒட்டித்தான் இருக்கும். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.


காக்கைநோக்கு:

எதற்கு இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறீர்கள் சார். இரண்டு தரவும் இலவசம், மென்பொருள் இலவசம், ஒரு லேப்டாப் இருந்தால் ஒரு வார இறுதியில் கட்டுரை தயார். இந்த வாரம் குடல் பாக்டீரியாவும் லிம்போமாவும், அடுத்த வாரம் குடல் பாக்டீரியாவும் முடி கொட்டுவதும். பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குடல் பாக்டீரியாவுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் என்று எதைப் பார்த்தாலும் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பது என் கருத்து.


இரவுப்பணி:

ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காக்கைநோக்கு சொன்ன கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் பாக்டீரியாவால் லிம்போமா வருவது எங்களுக்குப் புதிதே இல்லை. வயிற்றில் வருகிற மால்ட் லிம்போமா என்று ஒன்று உண்டு. 1991இல் லண்டனில் வாதர்ஸ்பூன், ஐசக்சன் குழு 110 நோயாளிகளின் திசுவைப் பார்த்ததில் 101 பேரிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி இருந்தது. அதோடு நிறுத்தவில்லை, 1993இல் ஆறு நோயாளிகளுக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தார்கள், ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்துபோனது. கீமோ இல்லை, கதிர்வீச்சு இல்லை. இன்றைக்கும் ஆரம்ப நிலை வயிற்று மால்ட் லிம்போமாவில் பைலோரி இருந்தால் முதல் சிகிச்சை அதுதான், பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கேட்கிறது. சிலருக்குக் கேட்காது. 11ஆம், 18ஆம் எண் குரோமோசோம்களுக்கு இடையே துண்டு இடம் மாறியிருந்தால் கட்டி கிருமியின் தயவு இல்லாமலே வளரக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம், அவர்களுக்குக் கிருமியை ஒழித்தும் பெரும்பாலும் பயனில்லை.

இது நடக்கிற விதமும் ஓரளவுக்குத் தெரியும். பி செல், டி செல் இரண்டும் நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள். பைலோரி நேராக பி செல்லைப் புற்றாக்குவதில்லை. அந்தக் கிருமியை எதிர்த்து டி செல்கள் வருடக்கணக்கில் கூச்சல் போட்டுக்கொண்டே இருக்கின்றன, அந்தக் கூச்சலைக் கேட்டுப் பக்கத்தில் இருக்கிற பி செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன, பெருகப் பெருக எங்கேயாவது ஒரு டிஎன்ஏ தவறு நடக்கிறது. சிறுகுடலில் வருகிற ஓர் அரிய லிம்போமாவில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி இருப்பதை 2004இல் காட்டினார்கள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் குடல் சுவரில் அழற்சி ஓயாமல் இருக்கிறவர்களில் சிலருக்கு டி செல் லிம்போமா வருகிறது. அதனால் குடலில் ஓயாத அழற்சி, அதிலிருந்து லிம்போமா என்ற பாதை உண்மையானது. ஆனால் அது குறிப்பிட்ட கிருமி, குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட வகை லிம்போமா. குடலில் ஏதோ ஒரு பேரினம் கொஞ்சம் கூடினால் நிணநீர்க் கணுக்களில் ஃபாலிகுலர் லிம்போமா வரும் என்பது ரொம்ப தூரத்துக் கதை, அதற்கு இப்படி ஒரு சான்று இன்னும் இல்லை.

நிலாமுற்றம், உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அந்தக் கட்டுரை முழுக்க முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும் அது சொல்வது நோய் வரும் வாய்ப்பைப் பற்றி. வந்துவிட்ட நோய் மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. நோய் தொடங்கக் காரணமானதை எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்பது பைலோரியில் நடந்தது, எல்லாவற்றிலும் நடக்காது. காப்ஸ்யூல் டப்பாவில் இருக்கிற இனங்களுக்கும் கட்டுரையில் வந்த பெயர்களுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் லாக்டோபேசில்லஸும் பைஃபிடோவும்தான் டப்பாவில் இருக்கும்.


நிலாமுற்றம்:

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அட்டவணையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், சராசரிவிலகல் சார் சொன்னது போல ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்றுதான் இருக்கிறது. டப்பாவில் இருக்கிற பெயர் ஒன்றுகூடக் கட்டுரையின் முடிவில் இல்லை. அக்காவிடம் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கட்டுரையில் எஃப் மதிப்பு 10க்கு மேல், எம்ஆர் எக்கர் சோதனையில் பிரச்சினை இல்லை, முரண்பாடு இல்லை, திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் லிம்போமாவால் பாக்டீரியா மாறவில்லை, அதனால் முடிவு உறுதியானது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இத்தனை சோதனையில் தேறியும் சந்தேகப்பட வேண்டுமா? இன்னொன்று, 30 சதவீதம் அதிகம் என்று ஓர் எண் போட்டிருந்தது, அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திவிட்டது. எனக்கும் அக்காவுக்கும்கூட வருமோ என்று.


சராசரிவிலகல்:

நல்ல கேள்வி, இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

எஃப் மதிப்பு என்பது ஒரு மரபணு இடம் பாக்டீரியாவோடு எவ்வளவு பலமாகப் பிணைந்திருக்கிறது என்ற அளவு. அது 10க்கு மேல் என்பது இங்கே தேர்வே இல்லை. 1 லட்சத்தில் ஒன்று என்ற வரம்பில் தேறிய எந்த மரபணு இடத்துக்கும் எஃப் மதிப்பு 19க்கு மேல்தான் வரும், கணக்கே அப்படித்தான். எந்தத் தரவிலிருந்து பொறுக்கினார்களோ அதே தரவிலேயே பலத்தை அளந்தால் பலசாலியாகத்தான் தெரியும். அதே இடங்களை வேறு மக்களிடம் போய் அளந்துவிட்டுப் பேசினால் நம்பலாம்.

எக்கர், முரண்பாட்டுச் சோதனை இரண்டும் எதைத் தேடுகின்றன என்றால், சில மரபணு இடங்கள் பாக்டீரியாவை விட்டுவிட்டு வேறு வழியில் நோயைத் தொடுகின்றனவா என்பதை. எடுத்த பத்து இடங்களும் வெறும் இரைச்சல் என்று வையுங்கள். இரைச்சலுக்குள் முரண்பாடு ஏது? அழகாகத் தேறிவிடும். அதுவும் பத்து புள்ளிகளை வைத்துக்கொண்டு எக்கர் எதையும் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பார்வை உள்ளது கிடையாது. திருப்பிப் போட்ட சோதனையும் அப்படித்தான். ஃபின்ஜென்னில் ஆட்கள் மொத்தம் 5 லட்சம் என்றாலும் லிம்போமாவை வகை பிரித்தால் ஒரு வகைக்குச் சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம் நோயாளிகள்தான் தேறுவார்கள். அதிலிருந்து கிடைக்கிற மரபணு இடங்களை வைத்துத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று அர்த்தமாகாது.

உண்மையிலேயே வலுவான இடங்களிலும் சிக்கல் உண்டு, எனக்கு இதுதான் சுவாரஸ்யமான பகுதி. லாக்டேஸ் மரபணு பைஃபிடோபாக்டீரியத்தை மாற்றுகிறது, சரி. ஆனால் அதே மரபணு ஒருவர் எவ்வளவு பால் குடிப்பார் என்பதையும் மாற்றுகிறது, ஐரோப்பாவில் வடக்கே போகப் போக அதன் விகிதமும் மாறுகிறது. அப்போது நோயில் தெரிகிற வித்தியாசம் பாக்டீரியாவாலா, பாலாலா, பூர்வீகத்தாலா? அடுத்து வந்த பெரிய ஆய்வுகளில் ரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏபிஓ மரபணுவும் குடல் பாக்டீரியாவோடு தொடர்புடையது என்று வந்தது. குடலின் சளிப் படலத்தில் ரத்த வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன, அவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் ஏபிஓ ரத்தம் உறைவதையும் பாதிக்கிறது, கணையப் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. லிம்போமாவில் பொதுவாகப் பலமான மரபணுத் தடயம் ஹெச்எல்ஏ பகுதியில், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலத்திலேயே இருக்கிறது. அந்தப் பகுதியிலிருந்து ஓர் இடத்தைப் பாக்டீரியாவின் அடையாளம் என்று எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அப்புறம் எத்தனை தடவை சுட்டார்கள் என்பது. மைபயோஜெனில் 211 பாக்டீரியாக் குழுக்கள், பெயரில்லாத 15ஐ விட்டால் 196. ஐந்து வகை லிம்போமா என்றால் 980 சோதனை. ஒன்றுமே உண்மை இல்லாவிட்டாலும் 0.05 வரம்பில், அதாவது இருபதில் ஒன்று தற்செயலாகத் தேறும் வரம்பில், சுமார் 49 முடிவுகள் தற்செயலாகவே 'கிடைக்கும்'. கட்டுரையில் மொத்தம் எத்தனை கிடைத்தது என்று பாருங்கள், அந்த 49க்குப் பக்கத்தில் இருந்தால் நான் அதற்கு மேல் படிக்கமாட்டேன். இதில் வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் ஒரே முடிவு நான்கு பெயரில் வந்து நான்கு முடிவு மாதிரி தெரியும். இன்னொரு கட்டுரையும் அதையேதான் சொல்கிறது என்று யாராவது அனுப்பினால் அதன் தரவு எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். அதே மைபயோஜென், அதே ஃபின்ஜென் என்றால் அது இரண்டாவது சாட்சி கிடையாது.

30 சதவீதம் பற்றி. அமெரிக்கக் கணக்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா வரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். அதில் 30 சதவீதம் கூடினால் 2.6. அதுவும் கட்டுரை சரியாக இருந்தால்.


இரவுப்பணி:

உங்களுக்கும் அக்காவுக்கும் என்று கேட்டதற்கு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று பொதுவாகச் சொல்வோம். மேலே சொன்ன 2 சதவீதத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், நூறு பேரில் 96 பேருக்காவது வராது. தனியாக எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. கணு வீங்கி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் காட்டுங்கள், அது எல்லோருக்கும் சொல்வதுதான்.


எலிக்கூண்டு:

ஆய்வகத்து ஆள் நான். சராசரிவிலகல் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் படிக்கிறவர்கள் காக்கைநோக்கு பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று ஒரு பயம், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் ஏடிஎம் என்ற மரபணு இல்லாத எலிகளுக்கு லிம்போமா வரும். ஒரே மரபணுக் குறை, ஆனால் எந்தக் கூடத்தில் வளர்கின்றன என்பதைப் பொறுத்து நோய் வரும் காலம் மாறியது. கலிஃபோர்னியாவில் ஷீஸ்டல் குழு 2013இல் அதைத் தோண்டிப் பார்த்தபோது குடல் பாக்டீரியாவில் வித்தியாசம் தெரிந்தது, லாக்டோபேசில்லஸ் ஜான்சோனி என்ற ஒன்றைக் கொடுத்தபோது எலிகளில் அழற்சியும் மரபணுச் சேதமும் குறைந்தன. இங்கே பாக்டீரியாவை நாமே மாற்றிப் பார்க்கிறோம், அதுதான் காரணத்தைக் கேட்கிற நேர் வழி. எலி மனிதன் இல்லை என்பது எனக்கும் தெரியும், அதுவும் ஏடிஎம் இல்லாத எலி, சாதாரண மனிதனிலிருந்து ரொம்பவே தள்ளி. ஆனாலும் கேள்வியே குப்பை என்று சொல்ல முடியாது. விடை தேடப் போன கருவிதான் அந்தக் கேள்விக்குச் சிறியது.

சரியான ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்றால், நல்லாயிருக்கிற பல லட்சம் பேரிடம் மலம் வாங்கி உறைய வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதில் லிம்போமா வந்தவர்களுடைய பழைய சேம்பிளை எடுத்து வராதவர்களோடு ஒப்பிட வேண்டும். பாக்டீரியாவின் ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிக்கிற 16எஸ் முறையில் பேரினம்வரைதான் உருப்படியாகத் தெரியும், ஒரே பேரினத்துக்குள் நல்லதும் கெட்டதும் இருக்கும், அதனால் முழு டிஎன்ஏவையும் படிக்க வேண்டும். இதற்குப் பணமும் பொறுமையும் யார் தருவது என்பது வேறு கதை.


காக்கைநோக்கு:

எலிகளை நான் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப் கட்டுரைகளைத்தான் சொன்னேன்.


நிலாமுற்றம்:

எண்ணிவிட்டேன், மொத்தம் 43 முடிவுகள். சராசரிவிலகல் சார் சிரிப்பார் என்று தெரியும்.

கடைசியாக ஒன்று, காப்ஸ்யூல். பயன் இல்லை என்று புரிந்தது, கெடுதலும் இல்லையென்றால் அக்காவின் மனசுக்காகக் கொடுத்துவிட்டுப் போகலாமா?


இரவுப்பணி:

இப்போது அவர் நன்றாக இருக்கிறார், ரத்த அணுக்கள் சரியாக இருக்கின்றன என்றால் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் அவருடைய டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பிற்பாடு சிகிச்சை தொடங்கினால் கதை வேறு. வெள்ளை அணு இறங்கியிருக்கும் நாட்களில் உயிருள்ள பாக்டீரியாவை விழுங்குவது நல்லதில்லை, டப்பாவில் இருக்கிற லாக்டோபேசில்லஸே ரத்தத்தில் புகுந்து தொற்றான நோயாளிகள் உண்டு, அரிதுதான் என்றாலும் எங்கள் பிரிவில் அந்த நாட்களில் நிறுத்தச் சொல்லிவிடுவோம். இணையத்தில் மல மாற்று சிகிச்சை என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில் அப்படிக் கொடுத்த மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ கோலை இருந்து ஒருவர் இறந்துபோனார்.

குடல் பாக்டீரியா லிம்போமா நோயாளிக்கு உண்மையில் எங்கே முக்கியம் என்றால் ஆன்டிபயாட்டிக் விஷயத்தில். நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் கார் டி செல் சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் பைப்பராசிலின், மெரோபெனம் மாதிரி அகன்ற வீச்சு மருந்து வாங்கியவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது என்று 2022இல் நேச்சர் மெடிசினில் வந்தது. அதிலும் மருந்தால் மோசமா, மருந்து தேவைப்படும் அளவுக்கு ஏற்கெனவே மோசமாக இருந்தார்களா என்று முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் இருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அக்காவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் சாதாரண சளிக்கெல்லாம் அப்பா தானாக மாத்திரை வாங்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் எழுதிக்கொடுத்தால் அதை நிறுத்தவும் வேண்டாம்.